சிட்னியில் மாலை ஆறரை மணி இரவல்ல

சிட்னியில் பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகளை வைத்திருக்கும் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். என் மகன் இப்போது பச்சைப் பி போர்டில், அதாவது முழு லைசென்ஸுக்கு முந்தைய தற்காலிக லைசென்ஸின் கடைசிப் படியில், ஓட்டுகிறான். கார் ஓட்டக் கற்பவர்களுக்கான எல் போர்டிலிருந்து அவன் அங்கே வந்து சேருவதற்குள் நாங்கள் இழந்த பணமும் மாதங்களும் பெரும்பாலும் தேவையில்லாமல் இழந்தவை. முன்பே யாராவது ஒருவர் அரை மணி நேரம் உட்கார்ந்து சொல்லியிருந்தால் தப்பித்திருப்போம்.

நாங்கள் திருச்சிக்காரர்கள். பதினான்கு ஆண்டுகளாகச் சிட்னியின் புறநகரான டூங்காபியில் இருக்கிறோம். நான் முதியோர் இல்லம் ஒன்றில் ஷிப்ட் முறையில் வேலை பார்க்கிறேன். கணவர் ரயிலில் பாரமட்டா போய் வேலை பார்த்துவிட்டு ரயிலிலேயே திரும்புகிறவர். ஊரில் அவர் வாங்கிய லைசென்ஸ் பீரோவில் இருக்கிறது. இங்கே மாற்றவே இல்லை. மகனுக்குப் பதினாறு முடிந்ததும் "நான் சொல்லிக் கொடுக்கிறேன்" என்று ஆசையாக முன்வந்தார். பிறகுதான் தெரிந்தது, பக்கத்தில் உட்காருகிறவர் கட்டுப்பாடுகள் எதுவும் இல்லாத முழு ஆஸ்திரேலிய லைசென்ஸ் வைத்திருக்க வேண்டும் என்பது. வெளிநாட்டு லைசென்ஸ் செல்லாது. பி போர்டில் இருக்கும் அண்ணனோ அக்காவோ உட்காரவும் முடியாது. ஆக, வீட்டில் தகுதியுள்ள ஒரே ஆள் நான். பிள்ளை கட்டாயம் ஓட்டிப் பழக வேண்டிய 120 மணி நேரமும் என் தலையில்தான் என்பது அன்றைக்கே முடிவாகிவிட்டது. உங்கள் வீட்டில் துணைவரின் லைசென்ஸ் மாற்றப்படாமல் கிடந்தால், பிள்ளைக்குப் பதினான்கு வயதாகும்போதே அதை மாற்றிவிடுங்கள். இது நான் சொல்லும் முதல் விஷயம்; மற்றதையெல்லாம் விடப் பெரியதும் இதுதான்.

முறை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் பதினாறு வயதில் கணினித் தேர்வு எழுதி எல் போர்டு வாங்கலாம். 45 கேள்விகள், அவற்றில் சாலைப் பாதுகாப்பு பற்றிய 30 கேள்விகளில் ஒன்றே ஒன்றுதான் தவறலாம். 25 வயதுக்கு உட்பட்டவர்கள் குறைந்தது 10 மாதம் எல் போர்டிலேயே இருக்க வேண்டும். 20 மணி நேர இரவு ஓட்டத்தையும் சேர்த்து 120 மணி நேரம் ஓட்டி, ஒவ்வொரு ஓட்டத்தையும் லாக் புக் என்ற பதிவேட்டில் பதிய வேண்டும். ஆபத்தை முன்கூட்டியே கவனிக்கிறார்களா என்று பார்க்கும் இன்னொரு கணினித் தேர்வும் உண்டு. பதினேழு நிரம்பிய பிறகு சாலைத் தேர்வு. தேறினால் சிவப்புப் பி ஓராண்டு, அடுத்து பச்சைப் பி இரண்டு ஆண்டுகள், அதன் பிறகே முழு லைசென்ஸ். 2007 ஜூலைக்கு முன்பு 50 மணி நேரம் ஓட்டினால் போதுமாக இருந்தது. அதை ஏன் 120 ஆக்கினார்கள் என்று தொடக்கத்தில் நான் சலித்துக்கொண்டேன். ஒரு மனிதன் தனியாகக் கார் ஓட்டத் தொடங்கும் முதல் சில மாதங்களில்தான் விபத்து அபாயம் மிக அதிகம். பெற்றவர்கள் பக்கத்தில் இருக்கும் காலத்தை நீட்டினால் அந்த அபாயம் குறையும். இன்று நான் அந்தக் கணக்கோடு முழுவதுமாக ஒத்துப்போகிறேன்.

மகன் 2022 பிப்ரவரியில் எல் போர்டு வாங்கினான். முதல் ஞாயிற்றுக்கிழமை, கூட்டமில்லாமல் அமைதியாக இருக்குமே என்று பாரமட்டா பூங்காவுக்குள் அழைத்துப் போனேன். எல் போர்டுக்காரர்கள் அங்கே ஓட்டவே கூடாது என்று நடைப்பயிற்சிக்கு வந்த ஒருவர் கண்ணாடியைத் தட்டிச் சொன்னார். சென்டினியல் பூங்காவிலும் அப்படித்தான். அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் செவன் ஹில்ஸ் தொழிற்பேட்டைத் தெருக்களுக்குப் போனோம். தொடக்கக்காரர்களுக்கு அதைவிட நல்ல இடம் அந்தப் பக்கத்தில் இல்லை. அகலமான சாலைகள், மூடிய கிடங்குகள், அபூர்வமாக ஒரு லாரி.

அந்த ஆண்டு சிட்னியில் வரலாறு காணாத மழை. மழை பெய்கிறதே, இன்று வேண்டாம், நாளை பார்க்கலாம் என்று எத்தனையோ நாட்களைத் தள்ளிப்போட்டேன். அது பெரிய தவறு. ஈரச் சாலையில் எத்தனை தூரத்தில் கார் நிற்கும் என்பதை நான் பக்கத்தில் இருக்கும்போது அவன் கற்றிருக்க வேண்டும். பயத்தினால் ஜூன் மாதம் வரை மொத்தமே 19 மணி நேரம்தான் ஓட்டியிருந்தோம். ஜூன், ஜூலைதான் இங்கே இருட்டு சீக்கிரம் கவிகிற மாதங்கள். மாலை ஐந்துக்கெல்லாம் சூரியன் போய்விடும். பள்ளி விட்டு வந்த பிள்ளையைக் கடைக்கு ஓட்டிப் போகச் சொன்னாலே இரவுக் கணக்கில் முக்கால் மணி நேரம் சேர்ந்திருக்கும். அந்தக் குளிர்காலம் முழுவதையும் வீணாக்கினேன்.

காருக்குள் எங்களுக்குள் நடந்ததையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நான் கத்தினேன். அவனும் கத்தினான். ஒருநாள் வென்ட்வொர்த்வில் ரவுண்டானாவில் வலது பக்கமிருந்து கார் வருவதைக் கவனிக்காமல் நுழையப் போனான். நான் "பார்த்து! பார்த்து! பார்த்து!" என்று அலறினேன். அவன் நட்ட நடுவில் பிரேக் போட்டு நிறுத்திவிட்டான். பின்னால் ஹார்ன் சத்தம். ஓரமாக நிறுத்தியதும் கை நடுங்க என்னிடம் கேட்டான்: "எதைப் பார்க்க வேண்டும், அம்மா? நீங்கள் அதைச் சொல்லவே இல்லையே." அந்தக் கேள்வி என்னை உலுக்கிவிட்டது. சாம்பார் கொதித்தாலும் பார்த்து, படியில் இறங்கினாலும் பார்த்து, கார் மோதப் போனாலும் பார்த்து. நம் வாயில் எல்லாவற்றுக்கும் அந்த ஒரு சொல்தான். ஓட்டுகிறவனுக்கு அதில் ஒரு செய்தியும் இல்லை. அன்றிலிருந்து பழக்கத்தை மாற்றிக்கொண்டேன். முதலில் இடம், பிறகு செயல்: "அடுத்த சிக்னல், இடது பக்கம்." "வலது பக்கம் வெள்ளைக் கார், நிறுத்து." திருப்பத்துக்கு இருபது மீட்டர் முன்னால் சொல்வதற்குப் பதிலாக நூறு மீட்டர் முன்னாலேயே சொன்னேன். வாரக்கணக்கில் பயிற்சி எடுத்துத்தான் எனக்கு இது வந்தது. மகன் ஓட்டக் கற்ற காலத்தில் நான் பேசக் கற்றேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

பயிற்சியாளரிடம் போவது பற்றிப் பலரும் தாமதமாகவே யோசிக்கிறோம். உரிமம் பெற்ற பயிற்சியாளரிடம் முறையாக எடுக்கும் ஒரு மணி நேரப் பாடம் லாக் புக்கில் மூன்று மணி நேரமாகக் கணக்கில் வரும். பத்து பாடங்கள் வரை இந்தச் சலுகை உண்டு. 50 மணி நேரம் ஓட்டிய பிறகு பாதுகாப்பான ஓட்டுநர்களுக்கான வகுப்பு ஒன்றில் சேரலாம். ஐந்து மணி நேர வகுப்பு, நாங்கள் கட்டியது 140 டாலர். அதற்கு 20 மணி நேரம் கிடைக்கும். பத்து பாடங்களுக்கு எங்களுக்கு 750 டாலர் ஆனது. கையைக் கடிக்கும் தொகைதான். ஆனால் அவற்றை நாங்கள் கடைசி மூன்று மாதத்தில் அள்ளிப் போட்டோம். அதற்குள் என்னிடமிருந்து கற்ற கெட்ட பழக்கங்கள் அவன் கைகாலில் ஊறிப்போயிருந்தன. ஸ்டியரிங்கை நான் பிடிக்கிற மாதிரியே பிடித்தான்; தலையைத் திருப்பித் தோளுக்குப் பின்னால் பார்க்காமல் கண்ணாடியை மட்டும் நம்பினான். அதைத் திருத்தவே நான்கு பாடங்கள் போயின. முதல் மாதத்திலேயே இரண்டு பாடம் எடுத்து, அப்போது பெற்றோரும் பின் சீட்டில் உட்கார்ந்து கவனித்தால், பிறகு சொல்லிக் கொடுப்பது எளிது.

இனி லாக் புக் கதைக்கு வருகிறேன். அக்டோபர் வந்ததும் மணிக்கணக்கு குறைவாக இருப்பது உறைத்தது. எனக்கு நெருக்கமான தோழி ஒருத்தி, "இரண்டு மூன்று பேனா வைத்து மாற்றி மாற்றி எழுது, யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்? நாங்களும் அப்படித்தான் செய்தோம்" என்றாள். நான் அப்படிச் செய்யவில்லை. ஆனால் இருபத்தைந்து நிமிட ஓட்டத்தை அரை மணி என்று எழுதிய நாட்கள் உண்டு. அதை நினைத்தால் இப்போதும் உறுத்துகிறது. இரவு மணிக்கணக்கைச் சேர்க்க, நவம்பர் டிசம்பர் மாதங்களில் ஷிப்ட் முடிந்து வந்ததும் மாலை ஆறரைக்குக் கிளம்பி ஒன்றரை மணி நேரம் ஓட்ட வைத்தேன். எல்லாவற்றையும் இரவு என்று பதிந்தேன். ஏமாற்ற வேண்டும் என்று நினைக்கவே இல்லை. திருச்சியில் பிறந்து வளர்ந்தவளுக்கு ஆறரை மணி என்றால் விளக்கு ஏற்றியாகிவிட்டது, இரவுதான். ஆண்டு முழுவதும் அங்கே அப்படித்தான். மனதில் பதிந்த கடிகாரம் அது.

2023 ஜனவரி கடைசி வாரம், மகனுக்குப் பதினேழு நிரம்பிப் பத்தாவது நாள், சாலைத் தேர்வு. பயிற்சியாளரின் காரில் போனால் நல்லது என்று முன்னதாக ஒரு பாடமும் காருமாக 190 டாலர் கொடுத்திருந்தோம். நான் சம்பளமில்லா விடுப்பு எடுத்திருந்தேன். கவுண்டரில் இருந்த அம்மையார் லாக் புக்கைப் பொறுமையாகப் புரட்டினார். ஒரு வரியில் விரலை வைத்து என்னை நிமிர்ந்து பார்த்தார். டிசம்பர் 11, மாலை 6.20 முதல் 7.30 வரை, இரவு. "அன்றைக்குச் சூரியன் எட்டு மணிக்குத்தானே மறைந்தது?" என்றார். குரலில் கோபம் இல்லை. அதுதான் என்னை இன்னும் கூசச் செய்தது. இரவு என்றால் சூரிய அஸ்தமனத்திலிருந்து உதயம் வரை. அது மட்டுமே கணக்கு. பென்சிலால் வரிவரியாகக் கழித்துக்கொண்டே வந்தார். இருபது என்று நாங்கள் எழுதியதில் ஒன்பது மணி நேரம் மிஞ்சியது. மகன் தரையையே பார்த்துக்கொண்டு நின்றான். வெளியே அவனுக்காகக் கார் காத்திருந்தது. தேர்வுக் கட்டணமும் போனது, அந்த 190 டாலரும் போனது. அடுத்த தேதி மார்ச் மாதத்தில்தான் கிடைத்தது.

கோடையில் இரவு மணிக்கணக்கு சேர்ப்பது எவ்வளவு கஷ்டம் என்பது அந்த ஐந்து வாரத்தில் தெரிந்தது. எட்டு மணிக்கு மேல்தான் இருட்டும். ஒன்பது மணிக்கு ஷிப்ட் முடித்து வந்து, சாப்பிட்டுவிட்டு, பத்து மணிக்குக் கிளம்புவோம். எம்4 சாலையில் பென்ரித் வரை போய்த் திரும்புவோம். மறுநாள் காலை ஆறு மணிக்கு அவனை எழுப்பினால் அடித்துப் போட்ட மாதிரி கிடப்பான். ஆனால் ஒரு சனிக்கிழமையை மறக்க முடியாது. ஹெலன்ஸ்பர்க் வெங்கடேஸ்வரர் கோயிலுக்கு மாலையில் போய்விட்டு, பிரசாதம் வாங்கிக்கொண்டு, நன்றாக இருட்டிய பிறகு கிளம்பினோம். கோயிலிலிருந்து நெடுஞ்சாலையை அடையும் வரை இருபுறமும் காடு. அவன் திடீரென்று வேகத்தைக் குறைத்தான். ஏன் என்று கேட்க வாய் திறந்தேன், அதற்குள் ஹெட்லைட் வெளிச்சத்தின் விளிம்பில் இரண்டு பச்சைப் புள்ளிகள். ஒரு மான் சாலையின் நடுவே வந்து நின்று எங்களைப் பார்த்தது. அவன் காரை முழுவதுமாக நிறுத்தி, அது கடந்த பிறகும் கிளம்பாமல் காத்திருந்தான். இன்னொன்று வரும் என்றான். வந்தது. அவன் கவனித்ததை நான் கவனிக்கவில்லை. அந்த இருபது மணி நேரத்தை எதற்காகக் கேட்கிறார்கள் என்பது அந்தக் காட்டுச் சாலையில் எனக்குப் புரிந்தது. மடியில் வைத்திருந்த புளியோதரைப் பொட்டலத்தை நசுக்கிப் பிடித்திருந்தேன்.

மார்ச்சில் தேறினான். தேர்வு பற்றிச் சொல்ல அதிகமில்லை. வேக வரம்பைத் துளி தாண்டினாலும் தோல்வி என்பதையும், தலையைத் திருப்பிப் பார்ப்பது தேர்வாளரின் கண்ணில் பட வேண்டும் என்பதையும் மட்டும் நினைவில் வையுங்கள். ஆட்டோமேட்டிக் காரில் தேர்வு கொடுத்தால் சிவப்புப் பி காலத்தில் கியர் வண்டி ஓட்ட முடியாது. அன்றே காப்பீட்டு நிறுவனத்துக்குத் தொலைபேசியில் சொல்லி அவன் பெயரைச் சேர்த்தேன். ஆண்டுக்கு 640 டாலர் கூடியது. சேர்க்காமல் விட்டிருந்தால் விபத்து நேரத்தில் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவும் பயமாக இருக்கிறது.

தேறியதோடு முடிந்தது என்று நான் மூச்சு விட்டேன். சிவப்புப் பி-யின் விதிகளை நான் உட்கார்ந்து படிக்கவே இல்லை. அதிகபட்ச வேகம் 90, மது துளியும் கூடாது, கைப்பேசியைத் தொடாமல் பேசுவதும் கூடாது, அதில் வரைபடம் பார்ப்பதும் கூடாது, இரவு 11 முதல் காலை 5 வரை 21 வயதுக்கு உட்பட்ட பயணி ஒருவருக்கு மேல் ஏற்றக் கூடாது. இதெல்லாம் அவனுக்குத் தெரியும். எங்கள் இருவருக்குமே உறைக்காதது ஒன்று உண்டு. சாலை விதியை மீறினால் லைசென்ஸில் டெமெரிட் என்ற தண்டனைப் புள்ளிகள் சேரும். முழு லைசென்ஸ் வைத்திருக்கும் எனக்கு மூன்று ஆண்டுகளில் 13 புள்ளிகள் சேர்ந்தால்தான் லைசென்ஸ் நிறுத்தம். அவனுக்கு 4 புள்ளிகள் சேர்ந்தாலே லைசென்ஸ் நிறுத்தம். சிவப்புப் பி-யில் வேக வரம்பை எவ்வளவு குறைவாகத் தாண்டினாலும் குறைந்தது 4 புள்ளிகள். அதாவது, ஒரே ஒரு முறை. இரண்டாவது வாய்ப்பு என்பதே இல்லை.

ஜூன் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை 8.52. அவனுக்குப் பள்ளிக்கு நேரமாகிவிட்டது. வழியில் வேறொரு பள்ளியின் முன்னால் 40 கிலோமீட்டர் பகுதி. பள்ளி நாட்களில் காலை 8 முதல் 9.30 வரையும், மதியம் 2.30 முதல் 4 வரையும் அந்த வரம்பு. அவன் 47-இல் போனான், கேமரா எடுத்துவிட்டது. கார் என் பெயரில் இருப்பதால் கடிதம் எனக்கு வந்தது. ஓட்டியது வேறு ஆள் என்றால் அவர் பெயரைக் குறிப்பிடுங்கள் என்று அதில் இருந்தது.

அன்றிரவு தூங்கவில்லை. ஆகஸ்ட் முதல் மூன்று மாதம் லைசென்ஸ் போனால், அக்டோபரில் எச்.எஸ்.சி. என்ற பன்னிரண்டாம் வகுப்பு இறுதித் தேர்வுக் காலம் முழுக்க அவனுக்குக் கார் இல்லை. கோயிலில் சந்தித்த ஒரு அக்கா, "உன் பெயரிலேயே போட்டுக்கொள், பிள்ளையின் படிப்பு முக்கியமில்லையா? எல்லோரும் செய்வதுதானே" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். என் பெயரில் ஒரு புள்ளிகூடக் கிடையாது. கையெழுத்துப் போட ஒரு நிமிடம் ஆகும். மகனும் வாய்விட்டுக் கேட்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பேனாவை எடுத்தபோது அந்தக் கவுண்டரில் என் கையெழுத்தின் மேல் நகர்ந்த பென்சில்தான் நினைவுக்கு வந்தது. அங்கே அறியாமல் எழுதினேன். இதை அறிந்தே எழுதுவதாக ஆகும். ஓட்டாதவர் ஓட்டியதாகச் சொல்வது தண்டனைக்குரிய குற்றம், சட்டம் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்வதில்லை. அவன் பெயரை எழுதினேன். நான்கு நாட்கள் என்னோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் வந்து, பேருந்து நேரங்களை எழுதிய காகிதத்தைச் சமையலறை மேசையில் வைத்துவிட்டுப் போனான்.

இந்த நிலைக்கு வருகிறவர்களுக்கு இரண்டு விஷயம். நிறுத்தத்துக்குப் பதிலாக, இனி ஒழுங்காக ஓட்டுவதாக ஒப்புக்கொண்டு லைசென்ஸைத் தக்கவைக்கும் நன்னடத்தை வாய்ப்பு முழு லைசென்ஸ்காரர்களுக்கு உண்டு, பி போர்டுக்கு இல்லை. ஆனால் நோட்டீஸ் கிடைத்த 28 நாட்களுக்குள் உள்ளூர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். நாங்கள் விசாரித்த வழக்கறிஞர் 1,800 டாலர் கேட்டார். செய்தது தவறுதான் என்று மகனே சொல்லிவிட்டதால் விட்டுவிட்டோம். வேலைக்கோ சிகிச்சைக்கோ கார் இல்லாமல் முடியாது என்ற நிலைமை உள்ளவர்கள் கடிதத்தை மேசையில் போட்டு வைக்காமல் உடனே விசாரியுங்கள். இன்னொன்று, அந்த மூன்று மாதத்தில் "தெரு முனை வரைதானே" என்று காரை எடுக்க விடாதீர்கள். நிறுத்தத்தில் இருக்கும்போது ஓட்டினால் அபராதத்தோடு முடியாது, நீதிமன்றம் போக வேண்டியிருக்கும். நான் சாவியை என் கைப்பையிலேயே வைத்திருந்தேன். பகுதி நேர வேலை முடிந்து இரவு பதினொன்றுக்கு அவனை அழைத்து வர நான்தான் போனேன். அந்தப் பயணங்களில் அவன் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, என் வேகத்தைச் சொல்லிக்கொண்டே வந்தான்: "அம்மா, இங்கே ஐம்பது. நீங்கள் ஐம்பத்து மூன்று." நான் குறைத்தேன்.

மகளுக்கு வரும் மே மாதம் பதினாறு. இந்த முறை எல் போர்டு வாங்கிய அடுத்த மாதமே குளிர்காலம். ஜூனில் 4.54, ஆகஸ்டில் 5.25, அக்டோபரில் 7.05, டிசம்பரில் எட்டு என்று சூரியன் மறையும் நேரங்களை ஒரு தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருக்கிறேன். கணவர் இங்கே லைசென்ஸ் வாங்க எழுத்துத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறார். சாப்பாட்டு மேசையில் அவரைக் கேள்வி கேட்பது மகன்தான்.